அயனம்பாக்கத்தில் அறுபது கிலோமீட்டர் மலை

எங்கள் தெருவில் அறுபது கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மலை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நூற்றிருபது கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளமும் இருக்கிறது. பள்ளம் என் வீட்டு வாசலில். இதை நானாகச் சொல்லவில்லை. உஸ்மான் கனி என்றால் பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் என்று எல்லோருக்கும் தெரியும். குக்கர் எத்தனை லிட்டர் என்பதற்கு மேல் நான் கணக்குப் பேசியதில்லை. சொன்னது சாலை மட்ட நிர்ணய வாரியம். முத்திரை குத்தியே சொன்னது.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெரு ஐம்பது மீட்டர் நீளம். குழாய் பதிக்க வந்தவர்கள் என் வாசலில் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை நாலு வீடு தள்ளி ஜோசப்ராஜ் வாசலில் கொட்டினார்கள். பிறகு இரண்டின் மேலும் ஒரே மாதிரி தார் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஜோசப் வாசலில் ஒரு அடி மேடு, என் வாசலில் முழங்கால் பள்ளம். மழை பெய்தால் மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் நேராக ஜோசப் வீட்டுக்குள் போகும். மிச்சம் என் வாசலில் தேங்கும். போன வருஷ மழையில் அவன் வீட்டு ஃபிரிட்ஜ் சமையலறையிலிருந்து மிதந்து ஹாலுக்கு வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது டிவிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

ஜோசப் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். சாம்பார் உப்பாக இருந்தால்கூட யாரையும் குரல் உயர்த்திக் கேட்கமாட்டான். அப்படிப்பட்டவனை வாரியத்தின் படியேற வைத்தது அவன் மகள் ரெனிதா. பட்டாபிராமில் கட்டிக் கொடுத்திருந்தான். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். ஒன்பதாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஆனால் சம்பந்தியம்மா ஹெலினா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நான் தப்பா சொல்லல அண்ணே. பச்சக் கொழந்தய வெச்சிகினு எம் மருமக கட்டிலு மேல ஒக்காந்துகினு இருக்கணுமா? உங்க ஊட்டுல தண்ணி வராதுன்னு காட்டுங்க, நானே கூட்டினு வந்து உடறேன்."

அந்தம்மா கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் ஜோசப்பை அதிகம் வாட்டியது. ரெனிதா வேறு தினமும் போன் செய்து, "நைனா, ரோடு போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு ஜோசப் சேக்காட்டுக்குப் போனான். வாரியம் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கீழே கல்யாணம் இருந்தால் வாரியத்தில் பதினொரு மணிக்கே சாப்பாட்டு இடைவேளை. அன்று முகூர்த்த நாள் இல்லை என்பதால் தலைமை அதிகாரி சிவராமன் இருக்கையில் இருந்தார்.

ஜோசப் மேட்டையும் பள்ளத்தையும் சொல்லி முடித்தான். சிவராமன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உங்க தெருவோட சமன்பாடு என்ன?" என்றார்.

"தெரு பேரு சொல்றேன் சார், எழுதிக்குங்க."

"பேர் யார் வேணா வைக்கலாம். சமன்பாடு இல்லாத ரோட்டை இந்த வாரியம் தொடாது. உலகத்துல ஏறி இறங்கற எல்லாத்துக்கும் ஒரு பல்லுறுப்புக் கோவை இருக்கு. அதைக் கண்டுபிடிச்சிட்டா ரோட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை."

"இல்ல சார், ஒரு தபா வந்து கண்ணால பாத்தீங்கன்னா..."

"கண்ணால பார்க்கறது ஆளாளுக்கு மாறும்," என்றார் சிவராமன். "எனக்கே இடது கண்ணுல கொஞ்சம் புரை."

ஒரு வாரம் கழித்து அளவையாளர் மோகன் வந்தான். பார்க்க நல்ல பையன். டீ கொடுத்தால் நன்றி சொல்லுவான். தெருமுனையிலிருந்து ஏரிக்கரைச் சுவர்வரைக்கும் நேராக ஒரு கயிறு கட்டினான். ரோடு இருக்கவேண்டிய மட்டம் அந்தக் கயிறுதான் என்றான். ரோடு கயிற்றுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் போயிற்று. எங்கெங்கே அது கயிற்றைச் சரியாக வெட்டியதோ, அங்கெல்லாம் சுண்ணாம்பு வைத்தான். தெருமுனையில் ஒன்று, பத்தாவது மீட்டரில் ஒன்று, முப்பதில் ஒன்று, ஐம்பதில் சுவரோரம் ஒன்று. வைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினான்.

"தம்பி, மேடு இருவதாவது மீட்டர்ல கீது, எங்கூட்டு வாசல்ல," என்றான் ஜோசப். "அத்த அளக்கலியே."

"அண்ணாத்தே, மட்டம் எங்க சரியா கீதோ அத்த மட்டும்தான் நாங்க அளப்போம்."

"சரியா கீற எடத்த அளந்து இன்னா பண்ணுவ?"

"அதான் எங்க டிப்பார்ட்மென்ட்டு."

இவ்வளவு தூரம் வந்தவன் குனிந்து ஒரு டேப்பை வைத்தால் முடிந்தது. நானே கடையிலிருந்து டேப் எடுத்து வந்து மேட்டில் வைத்து, "பாரு, ஒரு அடி," என்றேன். மோகன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்த்தால் வேலை போய்விடுமாம்.

மறுவாரம் சிவராமன் எங்கள் இருவரையும் உட்காரவைத்து வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மாப்பிள்ளை பார்த்து முடித்தவர் போல இருந்தார்.

"ரோடு கயிறை வெட்டற இடம் பூஜ்ஜியம், பத்து, முப்பது, ஐம்பது. தெருமுனையிலிருந்து தூரம் எக்ஸ்னு வைங்க. அப்ப உயரம் என்ன? எக்ஸ், எக்ஸ் கழித்தல் பத்து, எக்ஸ் கழித்தல் முப்பது, எக்ஸ் கழித்தல் ஐம்பது. நாலையும் பெருக்கு. பத்துல நின்னா ரெண்டாவது பூஜ்ஜியம் ஆயிடும், மொத்தமும் பூஜ்ஜியம். முப்பதுல நின்னா மூணாவது. எவ்வளவு அழகு பாருங்க."

"மேடு, சார்?" என்றான் ஜோசப்.

"வரேன். உங்க வீடு இருபதுல. இருபது, பத்து, மைனஸ் பத்து, மைனஸ் முப்பது. பெருக்கினா அறுபதாயிரம்." அவர் பேனாவை மூடினார். "உங்க வாசல்ல ரோடு அறுபதாயிரம் மீட்டர் உயரத்துல இருக்கு. அறுபது கிலோமீட்டர்."

ஜோசப் என்னைப் பார்த்தான். நான் ஜோசப்பைப் பார்த்தேன்.

"சார், அது ஒரு அடி சார்."

"உங்களுக்கு அப்படித் தெரியுது. பாய் வீடு நாற்பதுல. அங்க மைனஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். பாய், நீங்க தினமும் எப்படி மேல வரீங்க?"

நான் டிவிஎஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

பெருக்கல் சரிதான். என் அண்ணன் மகளிடம் கேட்டேன், அவள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். "பெருக்கினது சரி சிச்சா. ஆனா முன்னால பெருக்கறதுக்கு ஏ-ன்னு ஒரு எண்ணு வரும். வெட்டற எடத்த மட்டும் வெச்சி அத்த கண்டுபுடிக்கவே முடியாது. வேற எங்கனா ஒரு எடத்துல ஒசரத்த அளந்தாதான் ஏ இன்னான்னு தெரியும்," என்றாள். மறுநாள் போய் இதைச் சொன்னோம். சிவராமன் கோபப்படவில்லை. தெரியாத ஏ எல்லாவற்றையும் ஒன்று என்று வைத்துக்கொள்வது வாரியத்தின் மரபு என்றார்.

"அப்ப ஒரே ஒரு தபா எங்கூட்டு வாசல்ல அளந்துடுங்க சார்," என்றான் ஜோசப். கிட்டத்தட்டக் கும்பிட்டான்.

சிவராமன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். மனம் திறந்து பேசப் போகிறார் என்று தெரிந்தது.

"ஜோசப்ராஜ், உங்களை என் தம்பி மாதிரி நினைச்சுச் சொல்றேன். குறை இருக்கற இடத்தை அளந்தா, குறை இருக்குன்னு வாரியமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனாலதான் குறை இல்லாத இடத்தை மட்டும் அளந்து, அதுலேர்ந்து குறையைக் கண்டுபிடிக்கிறோம். நான் வந்ததுலேர்ந்து இந்த வாரியத்து மேல ஒரு புகார்கூட நிரூபணம் ஆனதில்லை. எங்க போனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்."

அந்த வாரமே ஆணை வந்தது. பின்னாலேயே இரண்டு அறிவிப்புப் பலகைகளும் வந்தன. ஜோசப் வாசலில், 'மலைப்பகுதி. உயரம் 60,000 மீட்டர். ஆக்சிஜன் இன்றி ஏறாதீர்.' என் வாசலில், 'ஆழம் 1,20,000 மீட்டர். குழந்தைகளைத் தனியே விடாதீர்.' கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஜோசப் வீட்டுக்கு மலைப்பகுதிக் கட்டணம் கேட்டார். என் வீட்டுக்கு ஃப்ரைடு ரைஸ் கொண்டுவந்த பையன் பலகையைப் படித்துவிட்டுப் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்று, "சார், மேல வாங்க," என்று போன் செய்தான். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் போன் செய்தான்.

இதெல்லாம் போகட்டும். ஹெலினா அம்மா மருமகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைப் பார்த்துப் போகலாம் என்று ஆட்டோவில் வந்தார். பலகையைப் படித்தார். இறங்கவே இல்லை.

"எட்டு மாசப் புள்ளத்தாச்சிய மலயேத்த சொல்றீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். பின்சீட்டிலிருந்து ரெனிதா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஜோசப்பின் மனைவி ஞானகுமாரி அவளுக்காக வறுத்து வைத்திருந்த மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஜோசப் மேட்டின் மேல் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வாரியத்தைக் கொளுத்திவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

மேல்முறையீடு செய்தோம். ஏ-யின் மதிப்பை நிர்ணயிப்பதற்கென்றே வாரியத்தில் ஒரு குழு இருந்தது. தலைவர் யுவராணி மேடம். பொது விசாரணை கீழே மண்டபத்திலேயே நடந்தது. முந்தின நாள் ரிசப்ஷனின் அலங்காரத்தை இன்னும் பிரிக்கவில்லை. மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் சிவராமனும் பெண் நாற்காலியில் யுவராணி மேடமும் உட்கார்ந்தார்கள். மோகன் பின்னால் நின்று இருவருக்கும் ஃபேனைத் திருப்பிவிட்டான்.

"ஏ-யைக் கண்டுபிடிக்க இன்னொரு புள்ளி வேணும்," என்றார் மேடம். "அதை அளக்க நமக்கு அதிகாரம் இல்லை. அளக்க முடியாததை என்ன செய்யணும்? தீர்மானம் போடணும். குழு முன்னால ரெண்டு தீர்மானம் இருக்கு. ஏ ஒன்றாகவே இருக்கலாம். அல்லது மைனஸ் ஒன்று ஆகலாம்."

"மைனஸ் ஆனா இன்னா ஆவும் மேடம்?" என்றான் ஜோசப்.

"எல்லாம் தலைகீழா மாறும். மலை பாய் வீட்டுக்குப் போயிடும், பள்ளம் உங்களுக்கு வரும். சமூக நீதி."

"ஒண்ணுக்குக் கம்மியா, பொடிசா எதுனா போடலாமே?" என்றேன் நான்.

"தசமத்துக்கு நிதித்துறை ஒப்புதல் வேணும்."

ஜோசப் என் கையைப் பிடித்தான். "பாய், மலய நீ எடுத்துக்க பாய். எம் பொண்ணு வரணும்."

"நூத்தியிருவது கிலோமீட்டர் மலய வெச்சிகினு நான் இன்னா பண்றது? எங்கூட்டம்மாவுக்கு முட்டி வலி."

"உனக்கு ஒரு உதவின்னா நான் செய்ய மாட்டனா?"

"டேய், எடுத்துக்கறேன்னே வெச்சிக்க. அப்ப உனக்குப் பள்ளம். அறுவது கிலோமீட்டரு உள்ள உம் பொண்ணு எப்டிடா எறங்குவா?"

இல்லாத மலைக்காக இரண்டு பேரும் மல்லுக்கு நின்றோம். மேடையில் இருந்தவர்கள் இதை மக்கள் பங்கேற்பு என்று பதிவு செய்தார்கள். கடைசியில் ஜோசப் கையை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தான்.

"மேடம், மேடும் வாணாம், பள்ளமும் வாணாம். அந்த ஏ-வ பூஜ்ஜியமா போட்டுடுங்க. என்ன உட்டுடுங்க."

சிவராமன் மெல்ல எழுந்தார். யுவராணி மேடம் தாளில் ஏதோ பெருக்கினார். மறுபடி பெருக்கினார்.

"பூஜ்ஜியத்தால எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்," என்றார். "இருபதுலயும் பூஜ்ஜியம். நாற்பதுலயும் பூஜ்ஜியம். நாலு வெட்டுப்புள்ளியும் அப்படியே இருக்கு. சார், தெரு முழுக்க மட்டம்."

சிவராமன் மேடையிலிருந்து இறங்கி வந்து ஜோசப்பைக் கட்டிக்கொண்டார். மண்டபத்தில் மிச்சமிருந்த மாலை ஒன்றை மோகன் கொண்டுவந்து ஜோசப் கழுத்தில் போட்டான். இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு செலவில்லாமல் ஒரு ரோட்டை மட்டமாக்கியதில்லை என்று சிவராமன் பேசினார். ஜோசப் மாலையோடு அவரைப் பார்த்து, "அப்ப வேல எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். பாவம், அவனுக்கு அதுவரை புரியவில்லை.

புதிய ஆணையில் இருந்தது: 'மேற்படி தெரு முழு நீளத்துக்கும் மட்டமாக இருப்பதால் பணி எதுவும் தேவையில்லை.' பழைய பலகைகளைப் பிடுங்கிவிட்டு, 'முழுமையாக மட்டமான தெரு' என்று தெருமுனையில் ஒரு பலகை நட்டார்கள். திறந்துவைக்க சிவராமன் ஜீப்பில் வந்தார். ஜீப் ஜோசப் வாசலில் ஏறியபோது அடிவயிறு தார் மேல் உரசியது. என் வாசலில் இறங்கியபோது சிவராமன் தலை கூரையில் இடித்தது. இறங்கி நெற்றியைத் தடவிக்கொண்டே, வண்டியில் ஷாக் அப்சார்பர் சரியில்லை என்று டிரைவரைத் திட்டினார். பிறகு தெருமுனைக்குத் திரும்பி நடந்துபோய் ரிப்பனை வெட்டினார்.

அந்தப் பலகையை யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, அது பட்டாபிராம்வரை போய்விட்டது. ஹெலினா அம்மா சந்தோஷமாகப் போன் செய்தார். "கவுருமெண்டே போர்டு வெச்சிட்டாங்க, அப்புறம் இன்னா அண்ணே. திங்கக்கெழம கூட்டினு வரேன்."

இதற்காகத்தான் ஜோசப் இத்தனை நாள் அலைந்தான். ஆனால் போனை வைத்ததும் முகம் வெளுத்து என் வீட்டுக்கு வந்தான். வானம் வேறு கருத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது.

"பாய், அவங்க போர்ட பாத்து அனுப்பறாங்க. தண்ணி போர்ட பாத்து திரும்பிப் போவுமா?" என்றான். "நானே போன் பண்ணி வராதேன்னு சொல்லிடறேன். பெத்த வாயால சொல்லணும்னு எழுதியிருக்கு."

போனை எடுத்தும்விட்டான். பின்னாலேயே வந்த ஞானகுமாரி அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பாய், எங்க வாசல்ல கீறது உங்க வாசல் மண்ணுதான?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப வந்து எடுத்துகினு போங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை மாதம் எக்ஸிலிருந்து பத்தையும் முப்பதையும் கழித்துக்கொண்டிருந்தோமே தவிர, இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜோசப் வீட்டார் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். மண் அள்ளக் கூடை பற்றவில்லை. கடையைத் திறந்து பிரியாணி அண்டா, தவலை, கல்யாண ஆர்டருக்கு வைத்திருந்த பெரிய தாம்பாளம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தேன். ஜோசப் வாசலில் தோண்டியதை அண்டா அண்டாவாகத் தூக்கி வந்து என் வாசலில் கொட்டினோம். என் வீட்டம்மா முட்டி வலியை மறந்து மேலே நின்று மிதித்தாள். சாயங்காலம் பார்த்தால் மேட்டில் இருந்த மண் பள்ளத்துக்குச் சரியாக இருந்தது. மறுநாள் ரெனிதா வந்து இறங்கினாள். கால் தடுக்கவில்லை.

இது மோகன் காதுக்குப் போயிற்று. கயிறோடு வந்தான். கட்டிப் பார்த்தால் ரோடு தெரு முழுக்கக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. சுண்ணாம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான்.

சில வாரம் தூறலோடு போக, அப்புறம் பெருமழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. நூம்பல் பக்கம் ரோடே தெரியவில்லை என்றார்கள். எங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாம் இடுப்பளவு தண்ணீர். எங்கள் தெருவில் விழுந்த தண்ணீர் மட்டும் எங்கும் நிற்காமல் ஓடிப்போய்ச் சுவரோரம் இருக்கும் ஏரிக் கால்வாயில் விழுந்தது. ஜோசப் வீட்டு ஃபிரிட்ஜ் வைத்த இடத்திலேயே இருந்தது. ரெனிதா ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்.

அன்று மத்தியானம் தெருமுனையில் சிவராமன் தெரிந்தார். ஜீப் பக்கத்துத் தெருவில் மூழ்கிவிட்டது. பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மோகன் குடை பிடித்தான். ஜோசப் வாசலில் வந்து நின்று, சொட்டச் சொட்ட ஆணையைப் பிரித்தார்.

"ஏற்கனவே மட்டம் என்று வாரியம் அறிவித்த தெருவில், ஜோசப்ராஜ் என்பவர் தன் வாசலில் ஒரு அடி மண்ணை அகற்றியதால், அங்கே ஒரு அடி பள்ளம் ஏற்பட்டுள்ளது," என்று ஒலிபெருக்கி இல்லாத குறை தெரியாமல் வாசித்தார். "அதே மண்ணை உஸ்மான் கனி என்பவர் தன் வாசலில் கொட்டிக்கொண்டதால், அங்கே ஒரு மேடு உருவாகியுள்ளது. இருவரும் மண்ணை உடனடியாக இருந்த இடத்திலேயே—"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஜோசப் என் தோளில் கைவைத்து நிறுத்தினான். அவன் அந்த வாரியத்தால் அழுதிருக்கிறான், அதன் முன்னால் கும்பிட்டிருக்கிறான், மாலையோடு நின்றிருக்கிறான். அன்றுதான் முதல் தடவையாக, கேன்டீனில் வேலைக்காரப் பையனிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

"சார், மெதுவாப் படிங்க. கொழந்த தூங்குது."

சிவராமன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கட்டிலில் ரெனிதா படுத்திருந்தாள். பக்கத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மீதி ஆணையைக் கிசுகிசுவென்று கடைசி வரிவரைக்கும், தேதி, நகல் பெறுவோர் உட்பட, வாசித்து முடித்தார். ஞானகுமாரி அவருக்கும் மோகனுக்கும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தாள். தின்றுவிட்டு, மழை விடும்வரை எங்கள் தெருவிலேயே நின்றார்கள். கால் வைக்க வேறு இடம் இல்லை.